நெட்ரின் இழுக்குமா, தள்ளுமா? ஒரே புத்தகம் இரண்டையும் சொல்கிறது

இரவுப்படிப்பு:

வணக்கம். விலங்கியல் இளங்கலை முடித்துவிட்டு இப்போது நரம்பு உயிரியல் பாடம் எடுத்திருக்கிறேன், அதனால் கேள்வி அரிச்சுவடியாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருவில் ஒரு நரம்பணுவிலிருந்து, அதாவது நியூரானிலிருந்து, ஆக்ஸான் என்ற நீண்ட இழை கிளம்பி, தான் சேர வேண்டிய இடம் வரைக்கும் எப்படி வழி கண்டுபிடித்துப் போகிறது என்ற அத்தியாயத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. இடது பக்கம் இழுக்கும் புரதங்கள், வலது பக்கம் தள்ளும் புரதங்கள். நெட்ரின் இழுக்கும், ஸ்லிட் தள்ளும், செமாஃபோரின் தள்ளும், எஃப்ரின் தள்ளும். நல்ல பிள்ளையாக மனப்பாடம் செய்துவிட்டேன். நான்கு பக்கம் தாண்டினால் அதே புத்தகம் “நெட்ரின் சில ஆக்ஸான்களை விரட்டும்” என்கிறது. அதற்கடுத்த பத்தியில் ஒரே ஆக்ஸானையே ஒரு நிலையில் இழுக்கும், இன்னொரு நிலையில் விரட்டும் என்று வேறு போட்டிருக்கிறது. அப்படியென்றால் அந்த அட்டவணை எதற்கு? வகுப்பில் கேட்டேன், “அது சூழலைப் பொறுத்தது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

எனக்குப் புரிய வேண்டியது இரண்டு. வெளியே இருக்கும் ஒரு புரதம், செல்லுக்குள் நுழையாமலேயே அதன் நுனியை ஒரு பக்கம் திருப்புவது எப்படி, உள்ளே என்னதான் நடக்கிறது? அப்புறம், அதே புரதம் ஒருவருக்கு ‘வா’ என்றும் இன்னொருவருக்கு ‘போ’ என்றும் எப்படி அர்த்தமாகிறது?

பழைய பைப்பெட்:

முதலில் அந்த அட்டவணையை மடித்து வைத்துவிடுங்கள். அது தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ‘இழுக்கும்’, ‘தள்ளும்’ என்பவற்றைப் புரதத்தின் குணமாக எழுதியிருப்பதுதான் குழப்பத்துக்கு வேர். புரதம் வெறும் சேதி. சேதியை வாசிப்பது ஆக்ஸானின் நுனி. வாசிப்பவர் மாறினால் அர்த்தமும் மாறும், அவ்வளவுதான்.

நுனியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதற்கு வளர்கூம்பு என்று பெயர். 1890இல் ரமோன் இ கஹால் கோழிக்கருவின் தண்டுவடத்தில் இதைப் பார்த்து வரைந்தார். அவர் பார்த்ததெல்லாம் சாயமேற்றிய செத்த திசு, ஆனாலும் இது முட்டி வழி திறந்துகொண்டு போகிற உயிருள்ள ஒன்று என்று ஊகித்துவிட்டார். 1907இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் திசுவை நிணநீர்த் துளியில் தொங்கவிட்டு, இழை வளர்வதை உயிரோடு கண்ணால் பார்த்தார். கஹால் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

கூம்பு என்று சொல்கிறோமே தவிர விரித்த கை என்று நினைத்துக்கொண்டால் சுலபம். விரல்கள் மாதிரி நீண்டு துழாவுபவை ஃபிலோபோடியா, விரல்களுக்கு நடுவே சவ்வு மாதிரி விரிந்திருப்பது லமெல்லிபோடியா. இரண்டுக்கும் உள்ளே ஆக்டின் இழைகள். உள்ளங்கைப் பகுதியில் மைக்ரோடியூபுல்கள், அவை ஆக்ஸானின் முதுகெலும்பு மாதிரி. இப்போது முக்கியமான சங்கதி: ஆக்டின் முன்விளிம்பில் ஓயாமல் கட்டப்படுகிறது, அதே சமயம் மயோசின் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கிறது, பின்னால் போனது உடைந்து மறுபடி முன்னுக்கு வருகிறது. எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை என்ற நிலை. கூம்பின் வெளிச்சவ்வில் உள்ள ஒட்டும் புரதங்கள் ஒரு பக்கம் தரையையும் மறுபக்கம் இந்த ஆக்டின் ஓட்டத்தையும் சேர்த்துப் பிடித்தால்தான் கிளட்ச் விழுகிறது, ஓட்டம் அந்தப் பக்கம் மட்டுப்படுகிறது, விளிம்பு முன்னேறுகிறது, மைக்ரோடியூபுல்கள் அந்தப் பக்கமாக நுழைந்து பாதையை உறுதியாக்குகின்றன. திரும்புவது என்றால் இதுதான். ஒரு பக்கம் கட்டுமானம் ஜாஸ்தி, மறுபக்கம் குறைச்சல்.

வெளியே இருக்கும் புரதம் இதில் எங்கே வருகிறது? அது கூம்பின் மேற்பரப்பில் உள்ள ரிசெப்டாரை, அதாவது சேதியை வாங்கும் புரதத்தை, தொடுகிறது. ரிசெப்டாரின் வால் உள்ளே இருக்கிறது. வெளியே பிடிபட்டதும் உள்ளே வால்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன, அல்லது பாஸ்பேட் ஏற்றிக்கொள்கின்றன, அந்த இடத்தில் வேறு புரதங்கள் வந்து ஒட்டுகின்றன, அவை ராக், சிடிசி42, ரோ என்ற சின்னச் சின்ன சுவிட்சுப் புரதங்களைப் போடுகின்றன அல்லது அணைக்கின்றன. ஜிடிபியைப் பிடித்திருந்தால் சுவிட்ச் அணைந்திருக்கிறது, ஜிடிபியை விட்டு ஜிடிபிக்குப் பதில் மூன்று பாஸ்பேட் உள்ள ஜிடிபியின் அண்ணனை, அதாவது ஜிடிடிபி என்று நான் தவறாகத் தட்டச்சு செய்யவிருந்த குவானோசின் டிரைபாஸ்பேட்டைப் பிடித்தால் போட்டாயிற்று. பொதுவாக ராக்கும் சிடிசி42உம் ஆக்டினை வளரவிடும், ரோ மயோசினை முறுக்கிக் கூம்பைச் சுருங்க வைக்கும். நெட்ரின் டிசிசி என்ற ரிசெப்டாரைத் தொட்டால் முதல் இரண்டும் எழும். எஃப்ரின் வந்து எஃப் ரிசெப்டாரைத் தொட்டால் ரோ எழும். சுவிட்ச் எந்தப் பக்கம் அதிகம் எழுந்ததோ அதை வைத்து நுனி திரும்பும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நெட்ரினுக்கு டிசிசி மட்டுமல்ல, அன்க்5 என்று இன்னொரு ரிசெப்டாரும் உண்டு. டிசிசி மட்டும் இருக்கும் கூம்புக்கு நெட்ரின் ‘வா’, அன்க்5 உள்ள கூம்புக்கு ‘போ’. சி. எலிகன்ஸ் புழுவில் இது கண்ணாடி மாதிரி தெளிவு. புழுவின் நெட்ரின் வயிற்றுப் பக்கம் அதிகம் சுரக்கிறது, அதற்கு அங்கே அன்க்6 என்று பெயர். தொடு உணர்வு நியூரான்களில் சாதாரணமாக அன்க்5 வேலை செய்யாது. 1993இல் அந்த நியூரான்களில் அன்க்5ஐ வலியத் தயாரிக்க வைத்தார்கள், ஆக்ஸான்கள் முதுகுப் பக்கம் திரும்பிவிட்டன. நெட்ரின் அதே நெட்ரின், அதே இடத்தில். மாறியது வாசிப்பவர்.

அதைவிட வேடிக்கை 1997இல் வந்தது. மூ-மிங் பூவின் குழு ஆப்பிரிக்க நகத்தவளையின் தண்டுவட நியூரான்களைத் தட்டில் வளர்த்து, கூம்பிலிருந்து 100 மைக்ரான் தள்ளி ஒரு நுண்குழாய் வழியாக நெட்ரினைக் கசியவிட்டார்கள். கூம்பு குழாயை நோக்கித் திரும்பியது. அதே ஏற்பாட்டில், செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சின்ன மூலக்கூறு செய்கிற வேலையை மருந்தால் தடுத்துவிட்டு மறுபடி பார்த்தால், கூம்பு குழாயை விட்டு விலகிப் போகிறது. ரிசெப்டாரைக்கூட மாற்றவில்லை! உள்ளிருக்கும் அந்த ஒரு சின்ன மூலக்கூறின் வேலை மட்டும்தான் வித்தியாசம். அடுத்த வருடம் செமாஃபோரினுக்கு இதைத் திருப்பிக் காட்டினார்கள், அதே மாதிரி இன்னொரு சின்ன மூலக்கூறான சைக்ளிக் ஜிஎம்பியின் வழியைத் தூண்டினால் விரட்டும் செமாஃபோரின் இழுக்க ஆரம்பித்தது.

பின்குறிப்பாக ஒன்று. நெட்ரின் என்ற பெயர் வழிநடத்துபவர் என்ற பொருளுள்ள வடமொழிச் சொல்லிலிருந்து வைத்தது, ‘நேதா’ என்கிறோமே அதே வேர்தான். 1994இல் டெசியே-லவினின் குழு ஆயிரக்கணக்கான கோழிக்கரு மூளைகளை அரைத்துப் பிரித்தெடுத்த பிறகு வைத்த பெயர். அரைத்தவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கை வலிக்கும்.

குறுக்குக்கேள்வி:

@பழைய பைப்பெட் சார், சுவிட்ச் பத்தியில் ஜிடிபி, ஜிடிபி என்று நீங்களே முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். 🙂 இரண்டு பாஸ்பேட் உள்ளது குவானோசின் டைபாஸ்பேட், அப்போது அணைந்த நிலை. மூன்று உள்ளது டிரைபாஸ்பேட், அப்போது எரியும் நிலை. புதிதாகப் படிப்பவர்கள் பாவம்.

சரி, என் கேள்வி. தட்டில் மருந்து ஊற்றி சைக்ளிக் ஏஎம்பியின் வேலையைத் தடுத்தீர்கள். கருவுக்குள் யார் மருந்து ஊற்றுகிறார்கள்? இயற்கையில் அதை ஏற்றி இறக்குவது எது என்று சொல்லாவிட்டால் ‘சூழலைப் பொறுத்தது’ என்ற அதே பதில்தானே கொஞ்சம் நீளமாக வருகிறது?

பழைய பைப்பெட்:

ஜிடிபி விஷயத்தில் பிடிபட்டுவிட்டேன், நன்றி. அப்படியே விட்டுவைக்கிறேன், திருத்தினால் உங்கள் பதில் அந்தரத்தில் தொங்கும்.

கேள்வி நியாயம். தரை ஒரு பதில். கூம்பு எதன் மேல் ஊர்கிறதோ அதுவும் சேதி சொல்கிறது. 1999இல் கிறிஸ்டின் ஹோல்ட் குழுவும் பூவும் சேர்ந்து காட்டியது இது: விழித்திரை ஆக்ஸான்களை லாமினின் என்ற புரதம் பூசிய தரையில் வளர்த்தால் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி இறங்குகிறது, நெட்ரின் விரட்ட ஆரம்பிக்கிறது. லாமினின் இல்லாத தரையில் அதே ஆக்ஸானை நெட்ரின் இழுக்கிறது. இப்போது கண்ணுக்குள் நினைத்துப் பாருங்கள். விழித்திரையின் உள்மேற்பரப்பில் லாமினின் இருக்கிறது. பார்வை நரம்பு வெளியேறும் வாயிலில் நெட்ரின் இருக்கிறது. நெட்ரின் வெறும் ‘வா’ மட்டும் சொன்னால் வந்த ஆக்ஸான் வாயிலிலேயே உட்கார்ந்துவிடும். வாயிலில் லாமினின் மேற்பரப்போடு மட்டும் இருப்பதால், மேலே இருந்தால் விரட்டு, உள்ளே போனால் இழு என்று இரண்டும் சேர்ந்து ஆக்ஸானை மேற்பரப்பிலிருந்து நரம்புக்குள் இறக்கிவிடுகின்றன என்பது அவர்கள் விளக்கம். யாரும் மருந்து ஊற்றவில்லை, தரை மாறியது.

நடுக்கோடு:

இரவுப்படிப்பு, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றை நான் கேட்டுக்கொண்டு நானே பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்தது இதுதான். நடுக்கோட்டைக் கடக்கும் ஆக்ஸான்கள், கடந்த பிறகு ஏன் திரும்பி வருவதில்லை?

உடம்பின் இடது பாதிக்கும் வலது பாதிக்கும் நடுவே உள்ள செல்கள் ஆக்ஸான்களை இழுக்கின்றன. நல்லது, வந்து சேர்ந்தது. ஆனால் மிகப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டு அதைத் தாண்டிப் போவது எப்படி? அதற்கு விடை பழ ஈயில் கிடைத்தது. நடுக்கோட்டுச் செல்கள் ஸ்லிட் என்ற விரட்டும் புரதத்தையும் சுரக்கின்றன, அதன் ரிசெப்டார் ரோபோ. எந்திர மனிதன் இல்லை, ரவுண்டபௌட் என்பதன் சுருக்கம். அந்த மரபணு கெட்ட ஈக்களில் ஆக்ஸான்கள் நடுக்கோட்டைக் கடந்து, திரும்பக் கடந்து, மறுபடி கடந்து வட்டமடித்துக்கொண்டே இருக்கும், அதனால் அந்தப் பெயர்.

சாதாரண ஈயில், கடக்க வேண்டிய ஆக்ஸான் நடுக்கோட்டை நெருங்கும்போது காமிஷர்லெஸ் என்ற இன்னொரு புரதம் ரோபோவை மேற்பரப்புக்கு வரவிடாமல் உள்ளேயே பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே ஸ்லிட் கூவினாலும் கூம்புக்குக் காது இல்லை. கடந்ததும் காமிஷர்லெஸ் நிற்கிறது, ரோபோ மேலே வருகிறது, திடீரென்று ஸ்லிட் காதில் விழுகிறது, ஓட்டம் பிடிக்கிறது, திரும்புவதற்கு வழியே இல்லை. பழைய பைப்பெட் சொன்ன ‘வாசிப்பவர் மாறினால்’ என்பது இங்கே ஒரே ஆக்ஸானின் ஒரே பயணத்துக்குள் நடக்கிறது.

இது ஈ சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். மனிதரில் ரோபோ3 மரபணு இரண்டு பிரதியும் கெட்டுப்போனால் மூளைத்தண்டில் கடக்க வேண்டிய பாதைகள் கடப்பதில்லை. அவர்களால் கண்ணைப் பக்கவாட்டில் உருட்ட முடியாது, முதுகுத்தண்டும் வளர வளர வளைந்துகொண்டே போகும். 2004இல் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். டிசிசியில் ஒரு பிரதி கெட்ட சிலருக்கோ வேறு விதம். வலது கையால் எழுதினால் இடது கை விரல்களும் தன்னாலே அதே மாதிரி அசையும், கண்ணாடியில் பார்ப்பது போல. அது 2010இல் தெரிந்தது. அட்டவணையில் ஒரு வரியாகப் படித்த டிசிசி, ஒருவருடைய பெருவிரலில் அசைவாகத் தெரிகிறது என்பதை முதன்முதலில் படித்தபோது அன்றைக்கு வேறு எதுவும் படிக்கத் தோன்றவில்லை எனக்கு.

மறுப்பாளர்:

எல்லாம் சரி, ஆனால் இந்தத் திரியில் ஒரு பழைய படம் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டது. தண்டுவடத்தின் அடித்தளத் தட்டு, அதாவது அடியில் நடுக்கோட்டில் உள்ள செல்கள், நெட்ரினைச் சுரக்கும், அது வாசனை மாதிரி பரவும், தூரத்தில் உள்ள ஆக்ஸான் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே வரும் என்ற படம். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. 2017இல் எலிக்கருக்களில் அடித்தளத் தட்டில் மட்டும் நெட்ரினை நீக்கிப் பார்த்தார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட குழு. ஆக்ஸான்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தன. பக்கத்துச் சுவரில், அதாவது பின்னால் தண்டுவடமாகப் போகிற நரம்புக்குழாயின் உட்சுவரை ஒட்டிய முன்னோடிச் செல்கள் தயாரிக்கும் நெட்ரினை நீக்கினால்தான் கலைந்தது. அந்த நெட்ரின் மிதந்து போவதில்லை, ஆக்ஸான் போகும் விளிம்பிலேயே படிந்து, தொட்டுத் தொட்டுப் போகும் கைப்பிடிச் சுவர் மாதிரி இருக்கிறது. தூரத்து வாசனை இல்லை, கையருகே பிடி.

அது கிளட்ச் கதையோடும் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. மிதக்கும் மூலக்கூறைப் பிடித்து இழுத்து முன்னேற முடியாது, எதிலாவது ஒட்டியிருப்பதைப் பிடித்தால்தான் இழுக்க முடியும்.

பழைய பைப்பெட்:

ஒப்புக்கொள்கிறேன், பாதி. 2019இல் அடித்தளத் தட்டு நெட்ரினுக்கும் தூரத்தில் பங்கு உண்டு, அங்கேயே சுரக்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்கிறது, ஒன்றை மட்டும் நீக்கினால் மற்றது ஓரளவு ஈடுகட்டுவதால்தான் சேதம் குறைவாகத் தெரிகிறது என்று காட்டினார்கள். ஆக வாசனையும் உண்டு, கைப்பிடிச் சுவரும் உண்டு. புத்தகப் படத்தை அழித்து வரைய வேண்டும் என்பதில் மறுப்பே இல்லை.

கோழிமுட்டை:

எல்லோரும் வழிகாட்டிப் புரதங்களையே பேசுகிறீர்கள், என்ஜிஎஃப்பை மறந்துவிட்டீர்களே? நரம்பு வளர்ச்சிக் காரணி. இந்தக் கதையே அங்கேதானே தொடங்கியது.

1938இன் இனவெறிச் சட்டத்தால் இத்தாலியில் யூதரான ரீட்டா லெவி-மொன்டால்சினிக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லாமல் போனது. படுக்கையறையிலேயே கோழிமுட்டைகளை வைத்து ஆய்வு செய்தார். போருக்குப் பிறகு 1947இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் விக்டர் ஹாம்பர்கரின் ஆய்வகத்துக்குப் போனார். எலியின் புற்றுக்கட்டித் துண்டு ஒன்றைக் கோழிக்கருவில் வைத்தால் நரம்பிழைகள் கட்டுமீறி வளர்கின்றன, கட்டியைத் தொடாத இடத்திலும்கூட. அப்படியானால் கட்டியிலிருந்து ஏதோ ஒன்று கசிகிறது. 1952இல் கட்டியுள்ள எலிகளைத் தன்னோடு விமானத்தில் ரியோ டி ஜெனீரோவுக்கு எடுத்துப் போய், அங்கே தட்டில் நரம்பு முடிச்சின் பக்கத்தில் கட்டித் துண்டை வைத்தார். ஒரு நாளுக்குள் முடிச்சைச் சுற்றி நரம்பிழைகள் சூரியனைச் சுற்றிய ஒளிவட்டம் மாதிரி கிளம்பின.

அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க ஸ்டான்லி கோஹன் சேர்ந்தார். அது நியூக்ளிக் அமிலமா புரதமா என்று பார்க்க, நியூக்ளிக் அமிலத்தை உடைக்கும் என்சைம் உள்ள பாம்பு விஷத்தைக் கொஞ்சம் சேர்த்தார்கள். வளர்ச்சி நிற்கும், அல்லது நிற்காது, இரண்டில் ஒன்று என்று எதிர்பார்த்தால் முன்னைவிடப் பல மடங்கு வளர்ந்தது! விஷத்திலேயே அதே பொருள் கட்டியைவிட ஏராளமாக இருந்தது. விஷச் சுரப்பி என்பது ஒருவகை உமிழ்நீர்ச் சுரப்பிதானே என்று யோசித்து ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்த்தார்கள், அங்கேயும் குவிந்து கிடந்தது. இருவருக்கும் 1986இல் நோபல். தற்செயல் என்பார்கள். விஷம் சேர்த்த தட்டில் வந்த முடிவைத் தவறு என்று தூக்கிப்போடாமல் இருந்ததைத் தற்செயல் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்விக்கு வருகிறேன். என்ஜிஎஃப் முதன்மையாக ‘இந்தப் பக்கம் திரும்பு’ என்று சொல்வதில்லை, ‘உயிரோடு இரு, வளர்’ என்று சொல்கிறது. ஆனால் அதையும் இடம் பார்த்துத்தான் சொல்கிறது. 1977இல் கேம்பனாட் மூன்று அறைகள் உள்ள ஒரு தட்டு செய்தார். நடு அறையில் செல் உடல்கள், பக்க அறைகளுக்குள் ஆக்ஸான்கள் மட்டும் புகலாம். என்ஜிஎஃப் உள்ள அறைக்குள்தான் ஆக்ஸான்கள் போயின. பிறகு ஒரு பக்க அறையிலிருந்து மட்டும் என்ஜிஎஃப்பை எடுத்தால், செல் உடலுக்கு வேண்டிய அளவு கிடைத்துக்கொண்டிருந்தாலும் அந்த அறையில் உள்ள இழைகள் மட்டும் வாடிப் போயின.

உயிர்வாழும் சேதி எப்படி உள்ளே போகிறது என்பது இன்னும் அழகு. ஆக்ஸான் நுனியில் என்ஜிஎஃப் ட்ர்க்-ஏ என்ற ரிசெப்டாரைப் பிடிக்கிறது, ரிசெப்டார்கள் ஜோடி சேர்ந்து ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஏற்றுகின்றன, பிறகு அந்த ஜோடி என்ஜிஎஃப்போடு சேர்ந்து ஒரு சின்னப் பைக்குள் விழுங்கப்பட்டு, டைனீன் என்ற மோட்டார் புரதம் அதை மைக்ரோடியூபுல் தண்டவாளத்தில் செல் உடல் வரைக்கும் இழுத்துப் போகிறது. பை போகும் வழியெல்லாம் சேதி அணையாமல் எரிந்துகொண்டே போகும். ட்ர்க்-ஏ மரபணு பிறவியிலேயே கெட்டவர்களுக்கு வலி உணரும் நியூரான்கள் பிழைப்பதில்லை. அவர்களுக்கு வலி தெரியாது, வியர்வையும் சுரக்காது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நாக்கைக் கடித்துக்கொண்டது தெரியாமல், எலும்பு முறிந்தது தெரியாமல் வளரும் குழந்தைகள் அவர்கள்.

விரல்நுனி:

நான் இந்தத் துறை இல்லை, கணக்கு எழுதுகிறவன். கண்ணாடி வெட்டி ஆட்காட்டி விரலில் நரம்பு அறுந்து தையல் போட்டவன் என்ற தகுதியில் நுழைகிறேன். தைத்தவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும் என்று சொல்லியனுப்பினார். தையல் போட்ட இடத்திலிருந்து மேலே மேலே தட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் ஷாக் மாதிரி ‘சுர்’ரென்று இருக்கும், அந்த இடம் வாரா வாரம் நுனியை நோக்கி நகர்ந்ததைப் பேனாவால் குறித்து வைத்துக்கொண்டேன். இப்போது நீங்கள் சொல்வதைப் படித்தால் அந்தச் ‘சுர்’ என்பதே இந்தக் கூம்புகள்தானா? அப்படியென்றால் விரலில் வளர்வது தண்டுவடத்தில் ஏன் வளர்வதில்லை? அங்கே கூம்பு இல்லையா?

நடுக்கோடு:

@விரல்நுனி, ஆம், நீங்கள் தட்டியது கிட்டத்தட்ட அவற்றின் தலைமேல். ஆக்ஸானைச் சுற்றும் கொழுப்பு உறையான மைலின் இன்னும் சரியாகப் போர்த்தாத இளம் நுனிகள் தட்டினாலே மின்னதிர்வு எழுப்பும். மருத்துவர்கள் இதை டினெல் அறிகுறி என்பார்கள்.

தண்டுவடத்தில் நுனி இல்லாமல் இல்லை, பெரும்பாலும் வீங்கிய குமிழாகி நின்றுவிடுகிறது. நெடுங்காலம் மூளை நியூரான்களுக்கே வளரும் திறமை இல்லை என்று நினைத்தார்கள். 1981இல் டேவிடும் அகுவாயோவும் எலியின் கால் நரம்புத் துண்டு ஒன்றை எடுத்து மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் பாலம் மாதிரி தைத்தார்கள். மைய நரம்பு மண்டலத்து ஆக்ஸான்கள் அதற்குள் நுழைந்து 30 மில்லிமீட்டர் வரை போயின! பாலத்தின் மறுமுனையில் மறுபடி தண்டுவடத்துக்குள் இறங்கியதும் சீக்கிரத்தில் நின்றுவிட்டன. ஆக விரலில் உள்ள சூழல் வேறு. உங்கள் விரலில் அறுந்த இடத்துக்கு அப்பால் இருந்த பழைய இழைகள் சிதைந்து போனதும், அவற்றைப் போர்த்தியிருந்த ஷ்வான் செல்கள் குப்பையை அகற்றி, வரிசையாக நின்று, என்ஜிஎஃப் போன்றவற்றைச் சுரந்து புது நுனிகளுக்குப் பாதை போட்டன.

தண்டுவடத்தில் மைலினே தடை. ஷ்வாப் என்ற ஆய்வாளர் அதில் ஒரு தடுக்கும் புரதத்தைக் கண்டு துரத்தி, 2000இல் அதன் மரபணு கிடைத்தபோது நோகோ என்று பெயர் வைத்தார்கள். போகாதே என்றுதான் அர்த்தம். காயத் தழும்பில் காண்ட்ராய்டின் சல்பேட் புரோட்டியோகிளைகான்கள் என்ற சர்க்கரைச் சங்கிலி கோத்த புரதங்கள் குவிந்து இன்னொரு சுவர். இவை எல்லாம் கடைசியில் உள்ளே எதைப் போடுகின்றன தெரியுமா? பழைய பைப்பெட் சொன்ன ரோ சுவிட்சை. கூம்பு சுருங்குகிறது. இதில் ஒரு கூத்து உண்டு: நோகோவின் ரிசெப்டாருக்கு உள்ளே நீளும் வாலே இல்லை, அது சேதியை உள்ளே கடத்தக் கூட்டு சேர்க்கும் புரதங்களில் ஒன்று பி75, அதாவது கோழிமுட்டை சொன்ன என்ஜிஎஃப்பையே பிடிக்கும் இன்னொரு ரிசெப்டார். வளர் என்ற சேதியைக் கேட்கும் காது, கூட்டாளி மாறினால் நில் என்பதைக் கேட்கிறது.

அதற்காக நோகோவை நீக்கினால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். 2003இல் மூன்று குழுக்கள் நோகோ இல்லாத எலிகளை உருவாக்கின, ஒன்றில் நன்றாக வளர்ந்தது, ஒன்றில் கொஞ்சம், ஒன்றில் ஒன்றுமே இல்லை. தடையை எடுப்பது ஒரு பாதி, நியூரானின் சொந்த வளர்ச்சி வேகம் இன்னொரு பாதி. 2008இல் எலியின் விழித்திரை நியூரான்களில் பிடென் என்ற மரபணுவை நீக்கினார்கள், அது உள்ளிருந்தே வளர்ச்சிக்குப் பிரேக் போடுவது. நசுங்கிய பார்வை நரம்புக்குள் ஆக்ஸான்கள் மறுபடி நீண்டன. மனிதருக்கு அப்படியே செய்ய முடியாது, பிடென் புற்றுநோயையும் தடுத்து வைத்திருக்கும் மரபணு.

இரவுப்படிப்பு:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது. எஃப்ரின் செல்லின் மேற்பரப்பிலேயே ஒட்டியிருக்கிறது, எஃப் ரிசெப்டார் அதை இறுக்கிப் பிடிக்கிறது. கைகோத்துக்கொண்ட இரண்டு செல்கள் எப்படி விலகும்? பிடித்தால் ஒட்டத்தானே வேண்டும்?

அப்புறம், தேர்வில் அந்த அட்டவணையையே கேட்டால் என்ன செய்ய?

பழைய பைப்பெட்:

நல்ல இடத்தில் இடித்திருக்கிறீர்கள். பிடித்த பிறகு வெட்டிவிடுகிறார்கள். 2000இல் தெரிந்தது, எஃப்ரின்-ஏயோடு ஒரு புரதம் வெட்டும் என்சைம் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது, ரிசெப்டார் வந்து பிடித்ததும் அது எஃப்ரினைச் சவ்விலிருந்து அறுத்துவிடுகிறது. சேதி உள்ளே போயாயிற்று, கையும் விடுபட்டாயிற்று. வேறு சில இடங்களில் பிடித்த ஜோடியை ஒரு செல் சவ்வோடு சேர்த்து விழுங்கிவிடும்.

தேர்வில் அட்டவணையைக் கேட்டால் அட்டவணையையே எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு ரிசெப்டார் பெயரையும் எழுதிவிடுங்கள், நெட்ரினுக்கு மட்டும் இரண்டு வரி விட்டு.